மூங்கில்கொல்லை வாங்கிய கட்டணம்

இணையம் வானத்திலிருந்து இறங்குகிறது என்று நாட்டில் பாதிப் பேர் நம்புவதால், அதைப் பள்ளம் தோண்டிப் புதைக்கிற எங்கள் தொழிலை யாரும் ஒரு தொழிலாகவே எடுத்துக்கொள்வதில்லை.

கேபிள் பதிப்பதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, தோண்டுவது. அதற்குக் கடப்பாரை போதும். இன்னொன்று, "சரி, தோண்டிக்கொள்" என்று யாரையாவது சொல்ல வைப்பது. அந்த இரண்டாவது வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம். ஒப்பந்தக்காரரான எங்கள் முதலாளியின் அலுவலகம் கலசப்பாக்கத்தில் ஒரு மாடியில் இருக்கிறது. அங்கே எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. ஆனால் நான் அதிகம் உட்கார்ந்தது மற்ற அலுவலகங்களின் மரப்பெஞ்சுகளில்தான். "சார் இப்பத்தான் சாப்பிடப் போனார்" என்பதை நீங்களும் மூன்று வேளையும் கேட்டவர் என்றால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

முன்பெல்லாம் கேபிள் ஓர் ஊரைக் கடக்க, அந்த ஊர் நிர்வாகம் நினைத்ததுதான் கட்டணம். ஓர் ஊரில் மீட்டர் கணக்கு, அடுத்த ஊரில் வருடக் கணக்கு, மூன்றாவது ஊரில் திருவிழாக் கணக்கு. பிறகு புது விதி வந்தது. விண்ணப்பத்தைப் பார்க்கிற செலவுக்கு ஒரு சிறு கட்டணம் வாங்கலாம். தோண்டிய இடத்தைப் பழையபடி ஆக்கும் செலவை வாங்கலாம். வேறு எந்தப் பெயரிலும் எதுவும் வாங்கக்கூடாது. குறித்த நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம். இதைப் படித்துவிட்டு எங்கள் முதலாளி, "இனிமே நீ பேப்பரை நீட்டினாப் போதும்மா, கையெழுத்து தானா வுழும்" என்றார்.

நானும் நம்பினேன். விதி உச்சவரம்பு போட்டது கட்டணத்துக்கு மட்டும்தான், ஊர்க்காரர்களின் கற்பனைக்கு யாரும் வரம்பு போடவில்லை என்பது மூங்கில்கொல்லைக்குக் கேபிள் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது. ஜவ்வாது மலைமேல், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் உள்ள ஒரு சிற்றூர் அது. பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். ஊரைப் பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரிந்துவிடும்.

பாறைமேல் ரேஷன் கடை

முதல் தடவை ஷேர் ஜீப்பில் போய் இறங்கினேன். ரேஷன் கடை பூட்டியிருந்தது. கடை வாசலில் பைகள் வரிசையாக இருந்தன. காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். ஆளைத்தான் காணோம். அண்ணாந்து பார்த்தால், ஊருக்குப் பின்னால் இருந்த வழவழப்பான பெரிய பாறையின் உச்சியில் மொத்தக் கூட்டமும் நிற்கிறது. நடுவில் கடையின் விற்பனையாளர் செல்வி, கைரேகை வைக்கும் மெஷினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். விரல் பதிந்தால்தான் அரிசி. சிக்னல் மேலே, அரிசி கீழே. ஊரே ஏறி விரல் வைத்துவிட்டு, இறங்கி அரிசி வாங்கும்.

"மேல வாங்கக்கா!" என்று செல்வி கூப்பிட்டாள். செருப்பு சரியில்லை என்று சொல்லி நான் கீழேயே நின்றுகொண்டேன். செருப்பு நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் உயரம் ஆகாது. "பக்கத்துல காவலூர்ல பெரிய கண்ணாடி வெச்சு எங்கியோ கீற நட்சத்திரத்தையே பாக்கறாங்க. நான் ஒரு கோடு சிக்னல் பாக்கறதுக்குள்ள கழுத்து சுளுக்கிக்குது" என்று அங்கிருந்தே கத்தினாள்.

எனக்குத் துணையாகக் கீழே ஒரு பெரியவர் நின்றார். பெயர் காளியப்பன். போன மழைக்காலத்தில் விரல் வைக்க ஏறும்போது பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறார். ஒடிந்த வலது கை சரியாகக் கூடாமல் கோணிப்போய், விரலை நேராக வைக்க முடியவில்லை. தனியாள். அவருக்குப் பதிலாக விரல் வைக்கக் கார்டில் வேறு பெயர் இல்லை. இப்போது இடது கை விரலைப் பதிய, கூட்டம் குறைந்ததும் அதே பாறையில் ஏறக் காத்திருந்தார். மழைக்கு முன் கேபிள் வந்துவிடுமா என்று கேட்டார். வரும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆண்டவன் ரெண்டு கை குடுத்துக்கீறான், ஒண்ணு போச்சு. இன்னொண்ணு போறதுக்குள்ள ஒயரைக் கொணாந்துடு கண்ணு."

இல்லாத ரோட்டைப் பழையபடி ஆக்குவது

கேபிள் மலையேறும் முன் அடிவாரத்து ஊராட்சி ஒன்றைக் கடக்க வேண்டும். தலைவர் நல்ல மனிதர். டீ வரவழைத்தார். நான் கொடுத்த விதியின் நகலைச் சத்தமாக, ஒரு வரி விடாமல் படித்தார். "பரவால்லையே, நல்ல சட்டம்தான். கட்டணம் ஒண்ணும் வேணாம்மா" என்றார். நான் சந்தோஷத்தில் டீயை ஒரே மடக்கில் குடித்தேன். உடனே அவர் அடுத்த வரியில் விரலை வைத்தார். "தோண்டின ரோட்டைப் பழையபடி ஆக்கற செலவு வாங்கலாம்னு போட்டுக்கீது பாரு. தார் ரோடு. அந்தச் செலவை மட்டும் குடுத்துடு."

நான் வெளியே எட்டிப் பார்த்தேன். மண் பாதை. அதில் ஒரு கோழி புழுதிக் குளியல் போட்டுக்கொண்டிருந்தது. "தார் எங்கே இருக்கிறது, தலைவரே?" என்றேன். "திட்டத்துல கீதும்மா. எப்ப வேணா வந்துடும். நீ தோண்டாம இருந்தா அது இந்நேரம் தார் ரோடுதான்" என்றார். இன்னும் போடாத தாரை நான் எப்படித் தோண்டியிருக்க முடியும் என்று கேட்டேன். விதியில் "பழையபடி" என்றுதான் இருக்கிறது, எதிர்காலம்படி என்று இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். பொறுமையில் என்னைவிட அவர் மூத்தவர்.

எங்கள் மேஸ்திரி ஏழுமலை அதுவரை வாசற்படியில் குந்தியிருந்தார். கடப்பாரை பிடித்த ஆள், பேச்சிலும் நெம்புவார். எழுந்து வந்து, ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "பழையபடி ஆக்கிடறோம் தலைவரே. ஆனா அந்தப் பள்ளிக்கூடத்தாண்ட மூணு பெரிய குழி கீதே, அதையும் மூடிட்டு மறுபடி பழையபடி குழி போட்டுத் தரணுங்களா, இல்ல நெரவி வுட்டுடலாங்களா?"

நானே கேட்டுக்கொண்ட கேள்விகள்

குழிகளை நிரவித் தருவதென்று பேசி முடித்து, தலைவர் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். அடுத்தது ஊராட்சிக்கு மேலே உள்ள ஓர் அலுவலகம். அங்கே ஒரு எழுத்தர். குறித்த நாளுக்குள் பதில் இல்லையென்றால் அனுமதி தானாகக் கிடைத்துவிடும் அல்லவா? அவர் அதை என்னைவிட நன்றாகப் படித்திருந்தார். கேள்வி கேட்பதும் ஒரு பதில்தானே! கெடு முடிகிற நேரம் பார்த்து ஒரு கேள்வி வரும். முதல் கேள்வி, கேபிள் என்ன நிறம்? கறுப்பு என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்தது, கறுப்பு ஏன்? அதற்கடுத்தது, மேலே ஏறும்போது கேபிள் சாலைக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா? இடப்பக்கம் என்றேன். இறங்கும்போது?

ஒரு நாள் நேரிலேயே போய், இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் மழை வந்துவிடுமே என்றேன். அவர் கோபப்படவில்லை. "கட்டணம் கேக்கக்கூடாதுன்னுதானே மேடம் சட்டம்? கேள்வி கேக்கக்கூடாதுன்னு இல்லையே" என்றார்.

திரும்பும் வழியில் பேருந்தில் யோசித்தேன். எனக்குச் சின்னப் பிள்ளைகளோடு பழக்கம் அதிகம். கேள்வி கேட்கிற பிள்ளையை நிறுத்த ஒரே வழி, கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவது. அன்று மாலையே உட்கார்ந்தேன். கேபிளின் கனம், எடை, வாசனை. மாடு தின்னுமா? தின்னாது. எலி கடிக்குமா? குழாய்க்குள் போவதால் கடிக்காது. இடி விழுந்தால்? உள்ளே இருப்பது கண்ணாடி, ஒன்றும் ஆகாது. மயில் உட்காருமா? மண்ணுக்குள் மயில் உட்காராது. பக்கம் பக்கமாக எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். எழுத்தர் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பேனாவை எடுத்தார், வைத்தார், கூரையைப் பார்த்தார். பிறகு கோப்பை மேலே அனுப்பினார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "கேக்க வேண்டியதையெல்லாம் நீங்களே கேட்டுக்கிட்டா, அப்புறம் நான் இங்க எதுக்கு மேடம் குந்திக்கினு கீறேன்?"

கொக்கி

மலைச்சாலை தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் புளிய மரங்கள். அவற்றின் பழத்தை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். அந்த வருடம் ஏலம் எடுத்தவர் ராஜேந்திரன். மரம் அவருடையது இல்லை, மண் அவருடையது இல்லை, பழம் மட்டும்தான். ஆனால் ஏழுமலையின் ஆட்கள் கடப்பாரையை ஊன்றியதும் எல்லாம் அவருடையதாகிவிட்டது. வேர் அறுந்தால் பூ உதிரும், பூ உதிர்ந்தால் பழம் போகும் என்று பைக்கைக் குறுக்கே நிறுத்தினார். வேரை விட்டுத் தள்ளியே தோண்டுகிறோம் என்று அளந்து காட்டினேன். சமாதானமானார். ஆனால் பைக்கை எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "துட்டெல்லாம் வேணாம்மா. கரண்டு கம்பியில கொக்கி போடறாங்கல்ல, அந்த மாதிரி இதுல ஒரு கொக்கி போட்டுக்கறேன். மரத்தடியில குந்திக்கினு படம் பாப்பேன், அவ்ளோதான்" என்றார்.

நான் ஒரு துண்டுக் கேபிளை உரித்துக் காட்டினேன். உள்ளே முடிபோல மெல்லிய கண்ணாடி இழைகள். இதில் மின்சாரம் ஓடுவதில்லை, வெளிச்சம்தான் ஓடுகிறது. அந்த வெளிச்சம் கண் சிமிட்டுவதுபோல விட்டுவிட்டு எரியும். அந்தச் சிமிட்டல்தான் படமாகவும் பேச்சாகவும் மாறுகிறது. கொக்கி போட்டால் இழை உடையும், உங்களுக்கும் படம் வராது, மேலே ஊருக்கும் வராது என்றேன். அவர் இழையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். "ஏம்மா, உள்ள வெளிச்சம்தான் ஓடுதுன்னா, காவலுக்குப் படுக்கற என் ஆளுக்கு இந்த மரத்தாண்ட ஒரு லைட்டு எரிய வெச்சுட்டுப் போயேன்!"

சிக்னல் முடியும் வளைவு

இப்படி ஒவ்வொருவராகக் கடந்து வருவதற்குள் வானம் கறுக்க ஆரம்பித்துவிட்டது. மலைச்சாலையின் பாதியில் ஒரு கொண்டைஊசி வளைவு உண்டு. அதுவரைதான் கைபேசி பேசும். அதுவரை தோண்டி முடித்து, அந்த வளைவுக்குக் கொஞ்சம் கீழே நாங்கள் நிற்கும்போது முதலாளியின் அழைப்பு வந்தது. "இன்னாம்மா, மேகத்தைப் பாத்தியா? மழ புடிச்சிட்டா பாறையில ஒருத்தனும் கடப்பாரை வெக்க மாட்டான். இதுவரைக்கும் போட்டதுக்கு பில்லு போட்டுக்கலாம். மூங்கில்கொல்லைய அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்னு தோணுது. யோசிச்சிட்டு சாயங்காலம் சொல்றேன்."

எங்கள் தொழிலில் "அடுத்த கட்டம்" என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தொழிலிலும் அது இருக்கும். அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் விட்டுவந்த ஊர்கள் சில எனக்குத் தெரியும். இன்றைக்கும் அவை அடுத்த கட்டத்தில்தான் இருக்கின்றன. காளியப்பனின் இடது கை என் கண்ணுக்குள் வந்து நின்றது. ஏழுமலையிடம் விஷயத்தைச் சொன்னேன். இன்னும் முடிவு சொல்லவில்லை, சாயங்காலம் சொல்வாராம் என்றேன். அவர் வளைவைப் பார்த்தார். என் கைபேசியைப் பார்த்தார். கடப்பாரைகளை ஜீப்பில் ஏற்றும்படி ஆட்களிடம் சொன்னார். "அப்ப சாயங்காலத்துக்குள்ள வளைவைத் தாண்டிடுவோம் மேடம். அந்தாண்ட போய்ட்டா ஆண்டவனே கூப்பிட்டாலும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'ன்னுதான் சொல்லும்."

சாமைச் சோறு

வளைவுக்கு மேலே யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. காட்டுப் பகுதிக்கான அனுமதியை முன்னமே வாங்கி வைத்திருந்தோம். மண் பாதியும் பாறை பாதியுமாக இருந்தாலும் வேலை ஓடியது. நான்தான் அவசரப்பட்டு நிம்மதியடைந்தேன். மூங்கில்கொல்லையின் எல்லைக்கல்லைத் தாண்டியதும் ஊர்க் கவுண்டர் எதிரே வந்தார். ஊரின் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்பவர் அவர். "எங்க எல்லைக்குள்ள மண்ணைத் தோண்டற ஆளு, எங்க ஊர்ல கை நனைக்காம போகக்கூடாதும்மா. அது எங்க வழக்கம்" என்றார். கட்டணம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன எனக்கு, கொடுக்க வருகிற ஓர் ஊரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

கலங்க வேண்டிய காரணம் வேறு என்று மதியம் புரிந்தது. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, கருவாடு. எழுந்தால் கோபித்துக்கொள்வார்கள். இலையில் மறுபடி விழும். இது ஒரு வீட்டோடு முடிவதில்லை, நேற்று அந்த வீட்டுச் சோறு மரத்தடிக்கு வந்தால், இன்று இந்த வீட்டுச் சோறு வரும். சாப்பிட்ட ஆட்கள் அங்கேயே மரநிழலில் சாய்ந்துவிடுவார்கள். காலையில் தோண்டுவதுதான் கணக்கு, மதியத்துக்கு மேல் கடப்பாரைக்கும் ஓய்வு. ஏழுமலை மட்டும் எழுந்திருக்க முயன்றார். முயற்சியிலேயே தூங்கிப்போனார். கடைக்கு இன்னும் ஒரு நீளமான ஏற்றம் பாக்கி. மேகம் மலைமுகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்வது வழக்கத்துக்கு விரோதம். சரி என்று சொல்வது கேபிளுக்கு விரோதம். விருந்துக்கு உச்சவரம்பு போடுகிற விதி எதுவும் என் பையில் இல்லை.

வழியைக் கண்டுபிடித்தது செல்வி. ஊர்க் கவுண்டரிடம் போய், சோறு எல்லைக்குள் போட்டால் போதும்தானே, எந்த இடத்தில் என்று வழக்கத்தில் உண்டா என்று கேட்டிருக்கிறாள். அவர் யோசித்து, அப்படி இல்லை என்றிருக்கிறார். மறுநாள் காலை சோற்றுப் பானை வழக்கமான மரத்தடியில் இல்லை. தோண்டி முடித்த இடத்திலிருந்து நல்ல தூரத்தில், ஏற்றத்துக்கு மேலே, நாங்கள் போக வேண்டிய பாதையின் ஓரத்தில் அடுப்பு புகைந்தது. கருவாட்டு வாசனை மட்டும் கீழே இறங்கி வந்தது. அதற்கு மறுநாள் பானை இன்னும் மேலே ஏறியது. ஆட்கள் தோண்டிய வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நடுவில் ஒருவர் நிமிர்ந்து, தண்ணீராவது கொடுங்கள் என்றபோது, செல்வி மேலிருந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்: "தண்ணியும் இங்கதான்ண்ணா கீது. தோண்டிக்கினே வாங்க."

முதல் செய்தி

பானை ரேஷன் கடை வாசலுக்கு வந்த அன்று பள்ளமும் வந்தது. கேபிளை இழுத்து, இழைகளை ஒட்டி, கடைச் சுவரில் பெட்டியை மாட்டினோம். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. வெளியே முதல் தூறல் விழுந்தது. இணைப்பு சரியாக வருகிறதா என்று பார்க்க என் கைபேசியை அதில் இணைத்தேன். வளைவைத் தாண்டிய நாளிலிருந்து ஊமையாக இருந்த கைபேசி ஒரேயடியாகக் கத்த ஆரம்பித்தது. மூங்கில்கொல்லைக்குக் கேபிள் வழியாக வந்து சேர்ந்த முதல் செய்தி, எங்கள் முதலாளியுடையது. "மழை வருது. மூங்கில்கொல்லை வேலையை உடனே நிறுத்தவும்."

கூட்டத்தில் ஒருவர் என்ன செய்தி என்று கேட்டார். நான் படித்துக் காட்டினேன். காளியப்பன்தான் முதலில் சிரித்தார். அதன்பின் கடையே சிரித்தது. என்ன பதில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. முடித்துவிட்டேன் என்றால் கேள்வி வரும், பார்க்கவில்லை என்றாலும் கேள்வி வரும். ஏழுமலை பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தூசியைத் துண்டால் துடைத்தபடி சொன்னார்: "'சரிங்க முதலாளி, நிறுத்திட்டோம்'னு போடுங்க மேடம். முடிஞ்சப்புறம் நிறுத்தாம இன்னா பண்ணப் போறோம்?"

ஊர் கேட்ட கட்டணம்

அப்படியே போட்டேன். பிறகு பச்சை விளக்கின் படத்தை அனுப்பினேன். நாலு கைகூப்பும் பொம்மைகள் வந்தன. அதற்குள் செல்வி மெஷினைக் கடைக்குள்ளேயே மேசைமேல் வைத்து இணைத்திருந்தாள். முதல் ஆள் காளியப்பன். கடைக்குள் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கட்டைவிரலை வேட்டியில் துடைத்து வைத்தார். மெஷின் உடனே ஏற்றுக்கொண்டது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "அவ்ளோதானா? ஏற வேணாமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் கிளம்பத் தயாரானபோது ஊர்க் கவுண்டர் நிறுத்தினார். "கீழ எல்லாம் இன்னாம்மா கேட்டாங்க?" என்றார். இல்லாத தார், கறுப்புக் கேபிள், புளியமரத்து லைட் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம் ரசித்துக் கேட்டது. கேட்கக் கேட்க அவர் முகம்தான் சுருங்கிக்கொண்டே போனது. "எல்லாரும் ஒண்ணொண்ணு கேட்டுக்கீறாங்க. நாங்க மட்டும் ஒண்ணுமே கேக்காம வுட்டா, நாளிக்கி எங்கள ஒரு ஊருன்னு மதிப்பாங்களா?" என்றார். கூட்டம் ஆமாம் என்றது. நான் பையிலிருந்து விதியை எடுத்தேன். உள்ளாட்சி எதுவும் வேறு கட்டணம் கேட்கக்கூடாது என்ற வரியைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "நாங்க உள்ளாட்சி இல்லம்மா. ஊரு" என்றார். நான் விதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கட்டணம் என்னவென்று அங்கேயே கூடிப் பேசி முடித்தார்கள். துட்டு வேண்டாம். மெஷினை நான் கையில் எடுத்துக்கொண்டு, கடைசித் தடவையாக அந்தப் பாறைமேல் ஏறி, இறக்கிக் கொண்டுவர வேண்டும். இனி யாரும் ஏற வேண்டியதில்லை என்று பாறைக்குத் தெரிய வேண்டுமாம். நான் வாயைத் திறக்கும் முன்பே செல்வி குனிந்து என் காலைப் பார்த்தாள். "இன்னிக்கு செருப்பு நல்லாத்தான் கீது அக்கா" என்றாள். ஏறினேன். தூறலில் பாசி நனைந்திருந்தது. பாதியில் நின்று, கைகளை ஊன்றி, கண்ணை மூடி, மீண்டும் ஏறினேன். உச்சியில் நின்று கீழே பார்த்தேன். மாதா மாதம் அரிசிப் பைக்காக இங்கே ஏறியவர்களின் முகங்கள் எல்லாம் கீழே அண்ணாந்து இருந்தன. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இறங்கும்போது கால் வழுக்கியது. மெஷினை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு, மீதி தூரத்தை உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தேன். இப்போது எல்லாரும் சிரித்தார்கள். மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று செல்வி பார்த்துச் சொன்னாள். எனக்கு என்ன ஆனது என்று யாரும் பார்க்கவில்லை. முதுகுப் பக்கம் ஈரமாக இருந்தது. நான் எழுந்து நின்று, என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, "கட்டணம் கட்டியாயிற்று, ரசீது கொடுங்கள்" என்றேன். காளியப்பன் அரிசிப் பையோடு நடந்து வந்து என் பின்னால் போய்ப் பார்த்தார். ஊர்க் கவுண்டரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "எழுத வேணாம்ப்பா. பச்சைப்பசேல்னு பொடவையிலயே கீது."

எந்த விதியின் எந்த வரியிலும் இல்லாமல் நான் கட்டிய கட்டணம் அது ஒன்றுதான். இன்னோர் ஊர் கேட்டாலும் மறுபேச்சில்லாமல் கட்டுவேன், பழைய புடவை கட்டிக்கொண்டு வர மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.